பீப்பாய் ஸ்டவுட்டில் யாரும் விஸ்கி ஊற்றுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஞாயிறு இணைப்பில், மரப்பீப்பாயில் ஊறவைத்த இம்பீரியல் ஸ்டவுட் என்ற வலுவான கறுப்பு பீர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து தம்பி அதைப் படம் எடுத்து அனுப்பினான். தமிழ்ப் பத்திரிகை இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். படித்து முடித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பீரில் விஸ்கியைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஐஸ் போலக் குளிரவைத்துப் பெரிய கிளாஸ் நிறைய ஊற்றிக் குடிக்க வேண்டும் என்கிறார். இரண்டும் தவறு. அதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. எத்தனை சதவீதம், எவ்வளவு நேரத்தில் ஏறும் என்பதே அந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது. வாயில் வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். அப்பா அங்கே காபிப்பொடிக் கடை வைத்திருந்தார். இப்போது 19 வருஷமாக இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள அரோராவில் இருக்கிறேன். நாற்பது வயது வரை பீர் தொட்டதில்லை. எங்கள் தெருவில் குடியால் கெட்ட வீடுகள் இருந்தன, அவற்றைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு டிசம்பர் மாதம், கூட வேலை செய்தவர் வீட்டு விருந்தில், இரண்டு மடக்கு அளவுக்கு ஒரு கறுப்புத் திரவத்தைச் சின்னக் கிளாஸில் ஊற்றி, குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, முகர்ந்தாவது பார் என்று நீட்டினார். மூக்கருகே கொண்டுபோனேன். அப்பா கடையின் பின்கட்டில் நிற்பது போல இருந்தது.

அது வெறும் நினைவு மயக்கம் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்பாவிடம் இருந்தது விறகு அடுப்பின் மேல் கையால் சுற்றும் இரும்பு டிரம். பீபெரியோ பிளாண்டேஷன் ஏயோ, எந்தக் காபி ரகமானாலும் கொட்டை உள்ளே பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியதும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் திரும்ப மாட்டார். அரை நிமிஷம் தவறினால் காந்தல் ஏறிவிடும், அப்புறம் எத்தனை சிக்கரி போட்டாலும் மறையாது. இதே மாதிரி சுழலும் உருளையில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, கறுக்க வறுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் 1817இல் காப்புரிமை வாங்கினார். காபி வறுக்கும் உருளையைப் போன்றதுதான் அவருடைய கருவி. ஸ்டவுட்டின் கறுப்பும், காபி போன்ற கசப்பும் அந்த வறுவலில் வருபவை. காபிக்கொட்டை ஒன்றுகூடப் போடாமலே டிகாஷன் வாசனை வருவது இதனால்தான்.

பெயரில் உள்ள இம்பீரியலுக்கும், அதாவது பேரரசுக்குரியது என்பதற்கும், கதை உண்டு. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதர்க் பகுதியில், திரேல் என்பவரின் பீர் ஆலை இருந்தது. ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் 1796இல் தன் நாட்குறிப்பில், அந்த ஆலையின் போர்ட்டர் என்ற கறுப்பு பீரைக் குடித்ததாகவும், ரஷ்யப் பேரரசிக்கென்றே தனியாகக் காய்ச்சியது, ஏழு வருஷம் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். மால்ட் அதிகம் போட்டு, சத்தும் வலுவும் கூட்டிக் காய்ச்சியதால்தான் தாங்கியது. வைத்திருந்து குடிக்கிற பீர் என்ற எண்ணம் இரு நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாய் மட்டும்தான் புதிது.

சரி, பீப்பாய்க்கு வருகிறேன். உங்கள் கட்டுரை தடம் மாறியது இங்கேதான்.

அமெரிக்காவில் போர்பன் என்று பெயர் போட வேண்டுமானால், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் அந்த விஸ்கியை வைக்க வேண்டும். 1930களில் வந்த விதி இது. ஒரு முறை போர்பன் வைத்த பீப்பாயில் அடுத்த போர்பனை வைக்க முடியாது. அதனால் 53 காலன், அதாவது 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கென்டக்கியிலிருந்து வெளியே வருகின்றன. ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் வாங்குகிறார்கள், ரம்காரர்கள் வாங்குகிறார்கள், பீர்க்காரர்களும் வாங்குகிறார்கள். பீப்பாயில் விஸ்கி தேங்கி நிற்கக் கூடாது, வெறுமையாக்கிய பிறகே பீர் ஊற்ற வேண்டும் என்பது இங்குள்ள விதி. பீருக்குக் கிடைப்பது பலகை வருஷக்கணக்கில் குடித்து வைத்திருந்தது மட்டும். அது கொஞ்சம் இறங்கிவருவதால் பீரின் வலு ஒன்றிரண்டு சதவீதம் கூடும். ஆனால் பீர்க்காரர்கள் பீரைப் பீப்பாயில் வைத்து ஒரு வருஷம் காத்திருப்பது அதற்காக இல்லை.

உடைத்த பீப்பாய்ப் பலகை ஒன்றை ஒரு பீர் ஆலையில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் முதலைத் தோல் மாதிரி வெடித்த கரி. விரலால் தேய்த்தால் ஒட்டும். கரியை நகத்தால் சுரண்டினால் அடியில் செக்கச் சிவந்த ஒரு வரி, அதற்கும் கீழே பச்சை மரத்தின் வெளுப்பு. அந்தச் சிவப்பு வரிதான் முக்கியம். தீயின் சூட்டில் மரத்தில் உள்ள சர்க்கரை பாகாக மாறிய இடம் அது. மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் உடைந்து வெனிலா வாசனை உண்டாவதும் அந்தச் சூட்டில்தான். ஓக் மரத்துக்கே உரிய லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தரும். கோடை வெயிலில் கிடங்கு சூடாகும்போது பீர் பலகைக்குள் ஏறுகிறது, குளிரில் இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. மிச்சிகனில், கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில், ஃபவுண்டர்ஸ் ஆலை தன் பீப்பாய்களைப் பழைய ஜிப்சம் சுரங்கத்தில் வைத்து எடுத்தது. அங்கே வருஷம் முழுக்க ஒரே குளிர்ச்சி. அவர்களுடைய கேபிஎஸ் என்ற ஸ்டவுட்டில் மரம் அடங்கியும் காபி மேலோங்கியும் இருக்கும். இதற்குச் சுரங்கம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதில் அவர்கள் நிஜமாகவே காபி சேர்க்கிறார்கள்.

பீப்பாயில் ஸ்டவுட்டை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை. அங்கே கிரெக் ஹால் என்பவர், ஜிம் பீம் என்ற போர்பன் தயாரிக்கும் குடும்பத்தின் புக்கர் நோவை ஒரு விருந்தில் சந்தித்துப் பேசி, ஆறு பீப்பாய் வாங்கிவந்தார். 1992 என்று ஆலை சொல்லிவந்தது, 1995தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. போர்பன் கவுண்டி என்ற பெயரில் அது இன்றும் நவம்பர் கடைசியில், நன்றியறிதல் நாளுக்கு மறுநாள் வெளிவருகிறது. 2011இல் ஆலையைப் பெரிய பன்னாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. அதில் எனக்கும் மனத்தாங்கல்தான். பீரை முகரும்போது அதை ஒதுக்கி வைத்துவிடுவேன்.

இப்போது ருசி. போன நவம்பரில் எங்கள் வீட்டு அடித்தளத்தில் ஐந்து பேர் கூடினோம். என் மனைவி ஆறாவது. அவர் குடிப்பதில்லை, எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர்தான். ஆனால் முகர்வதில் எங்கள் ஐந்து பேரையும்விட அவர் மூக்கு கூர்மை. சாம்பாரில் பெருங்காயம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்கிற மூக்கு அது.

ஆளுக்கு 60 மில்லி, அதற்கு மேல் கிடையாது. சிகாகோவில் 2003இல் தொடங்கிய மரப்பீப்பாய் பீர் விழாவிலும் 2 அவுன்ஸ்தான் ஊற்றுவார்கள், ஏறக்குறைய அதே அளவு. பாட்டில்களை முக்கால் மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். ஐஸ் குளிரில் இந்த பீர் வாயைத் திறக்காது. கரியும் கசப்பும் மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு, பதினைந்து டிகிரிக்கு வரும்போதுதான் உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக வரும். கிளாஸ் அடி பெருத்து வாய் குறுகியதாக இருக்க வேண்டும், வாசனை அங்கே தங்கும்.

முதலில் பீப்பாயையே பார்க்காத ஒரு ஸ்டவுட். நுவரெலியாவில் பிறந்த நண்பர் லயன் ஸ்டவுட் கொண்டுவந்திருந்தார். 8 சதவீதத்துக்கு மேல் வலு உள்ள இலங்கை பீர் அது. நூறு வருஷத்துக்கும் மேலாக நுவரெலியாவில் காய்ச்சி, பிறகு கொழும்புப் பக்கம் பியகமவுக்கு ஆலை மாறியது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் பாராட்டி எழுதியதால் வெளிநாட்டிலும் தேடுகிறார்கள். ஊற்றியதும் காப்பிப்பொடி நிறத்தில் நுரை எழுந்தது. வாசனை நேராகக் கருப்பட்டிப் பாகு, பின்னால் பேரீச்சம்பழம். கசப்பு வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அடுத்து கலிபோர்னியாவின் ஓல்ட் ரஸ்புடின். இதுவும் பீப்பாய் இல்லாததுதான். அதில் கசப்பு நின்று பேசியது. சிக்கரி இல்லாத முதல் டிகாஷனைப் பால் சேர்க்காமல் குடித்தால் நாக்கின் பின்புறத்தில் ஒரு பிடிப்பு வருமே, அதே பிடிப்பு.

மூன்றாவது அந்த வருஷத்துப் போர்பன் கவுண்டி. நுரை எழுந்த வேகத்தில் அடங்கியது. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் விளக்கெண்ணெய் மாதிரி சுவரில் படிந்து மெதுவாக இறங்குகிறது. முதல் முகர்வில் சாராய நெடி மூக்கைக் குத்தியது. நண்பர்களில் ஒருவர் உடனே கிளாஸை எடுத்தார், கொஞ்சம் இருங்கள் என்றேன். பத்து நிமிஷம் விட்டோம். இரண்டாவது முகர்வில் நெடி விலகி, தேங்காய் வந்தது. இங்கே அமெரிக்கர்கள் தேங்காய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நமக்கு அது போதாது. துருவிய தேங்காய் வேறு, வறுத்த தேங்காய் வேறு, கொப்பரை வேறு. இது கொப்பரை. மனைவிதான் சொன்னார், “வெயில்ல காய வெச்ச கொப்பரை, எண்ணெய் ஆட்டுறதுக்கு முந்தி.” அதற்கப்புறம் எங்களால் வேறு எதையும் முகர முடியவில்லை, அவ்வளவு சரியாக இருந்தது. வாயில் வைத்தால் திரட்டுப்பால் அடிபிடிக்கும் தறுவாயில் வருகிற இனிப்பு, உலர்ந்த கறுப்புத் திராட்சை, கடைசியில் மரத்தின் துவர்ப்பு. கடுக்காய் அளவுக்கு இல்லை, வாழைப்பூ அளவுக்கு. விழுங்கிய பிறகு நெஞ்சில் ஒரு சூடு, தொண்டையில் கமறல் இல்லை.

அதே பீரை நான்கு வருஷம் முன்பு வாங்கி இருட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்து அது. கொப்பரை போயிருந்தது. காபியும் குறைந்திருந்தது. அதற்குப் பதில் ஜாடியில் கல்லுப்பு போட்டு வைத்த பழம்புளியின் வாசனை. ஆங்கிலத்தில் இதற்கு சோயா சாஸ் என்பார்கள், குறையாகச் சொல்வார்கள். காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனதால் வருவது அது. ஆனால் பழம்புளியின் அருமை தெரிந்தவர்களுக்கு அது முழுக்கக் குறையாகத் தோன்றாது. எங்களில் மூன்று பேருக்குப் பழையதுதான் பிடித்தது, இரண்டு பேருக்குப் புதியது. நான் புதியதன் பக்கம். நுவரெலியா நண்பர் பழையதன் பக்கம் நின்றார். அவர் ஊரில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் முதிரவைப்பார்கள். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று அழைத்தது அதைத்தான். ஓக் மாதிரி அது வெனிலாவைக் கொட்டாது, அடக்கமான மரம், அந்த அடக்கம்தான் தனக்குப் பழக்கம் என்றார். அந்த மரத்தில் யாராவது ஒரு ஸ்டவுட்டை வைத்துப் பார்க்க மாட்டார்களா என்று அன்றிரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சிறிய ஆலையுடையது, பெயர் வேண்டாம். நல்ல விலை கொடுத்து வாங்கியது. மூடியைத் திறந்து மனைவியிடம் நீட்டினேன். “யாரும் வாயில வெக்காதீங்க, மாவு புளிச்ச வாடை வருது” என்றார். நாங்கள் முகர்ந்தபோது உண்மைதான், நாலு நாள் வெளியே கிடந்த இட்லிமாவு. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஸ்டவுட்டுக்கு அது சாவு. மரத்தைக் கொதிநீர் விட்டுக் கழுவினாலும் பலகையின் துளைகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். 2015ஆம் வருஷத்துப் போர்பன் கவுண்டி வகைகளிலேயே லாக்டோபேசில்லஸ் என்ற புளிக்கவைக்கும் கிருமி புகுந்துவிட்டது. அந்த ஆலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த வருஷத்திலிருந்து பீரைச் சூடுகாட்டிப் பாட்டிலில் அடைக்கத் தொடங்கியது. நான் வாங்கிய ஆலைக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. தவறு நடப்பதில் எனக்குக் கோபமில்லை. அப்பா ஒரு முறை காந்தல் விழுந்த பொடியைத் தெரியாமல் விற்றுவிட்டு, மறுநாள் வாங்கியவர் வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்தவனுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை.

சதவீதத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத வேண்டும், ஆனால் சரியாக எழுத வேண்டும். போர்பன் கவுண்டி பாட்டில் 500 மில்லி. 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதில் சுத்தமான ஆல்கஹால் 70 மில்லி. இங்கே விற்கும் 355 மில்லி, 5 சதவீத சாதாரண பீர் நான்கு குடிப்பதற்குச் சமம். நம் ஊர்க் கணக்கில், 42.8 சதவீத விஸ்கி ஒரு குவார்ட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதை ஐஸ் போலக் குளிரவைத்துப் பெரிய கிளாஸில் ஊற்றி மடமடவென்று குடிக்கச் சொல்லி ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதலாமா? பீர்தானே என்று நம்பி ஒரு பையன் முழு பாட்டிலையும் தனியாகக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் என்ன ஆகும்? அன்று எங்கள் வீட்டில் மூன்று மணி நேரத்தில், ஆளுக்கு உள்ளே போனது ஒன்றரை சாதாரண பீர் அளவுதான். மிச்சத்தை மூடிவைத்து, மறுநாள் வாயு போனபிறகு வாசனையில் என்ன நிற்கிறது என்று நானும் மனைவியும் முகர்ந்து பார்த்தோம். கொப்பரை நின்றது.

எனவே இரண்டு திருத்தங்களைத் தயவுசெய்து வெளியிடுங்கள். பீரில் விஸ்கி கலப்பதில்லை என்பது ஒன்று. ஒரு பாட்டில் நான்கு பேருக்குக் குறையாமல் பகிர வேண்டியது, குளிரவைத்துக் குடிப்பது அல்ல என்பது இன்னொன்று.

அப்புறம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதுபவரை, சமையலறையில் புழங்கிய நல்ல மூக்கு உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் குடிக்காதவராக இருந்தாலும் சரி. காந்தல், கமறல், காரல், துவர்ப்பு, சிக்கு வாடை, மக்கல் வாடை என்று நம்மிடம் இருக்கும் சொற்கள் இந்த பீருக்கு ஆங்கிலத்தைவிட நன்றாகப் பொருந்துகின்றன. ஆறு வருஷமாக நாங்கள் ருசித்த 41 பாட்டில்களுக்கும் ஒரு நோட்டில் தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் மனைவி சொல்லச் சொல்ல எழுதியது. உங்கள் கட்டுரையாளருக்குப் பயன்படும் என்றால் சொல்லுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
அரோரா, இல்லினாய்ஸ்